நாற்பத்தொன்றாம் எண்காரர்

மூளை ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளை 'மெல்லிசு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒன்றும் மெல்லிசு இல்லை; மாடி ஏறினால் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிற உடம்பு. ஆனால் அவள் கத்தியிலிருந்து வருகிற சீவல், ஒரு தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இருபத்திரண்டு வயதில் குடுவை கழுவ வேலைக்குச் சேர்ந்தவள். அதுவரை மூளையைச் சீவிக்கொண்டிருந்தவர் பார்வை மங்கி விலகியதும், மாற்று ஆள் வரும்வரை பார்த்துக்கொள் என்றார்கள். பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. மாற்று ஆள் இன்னும் வந்தபாடில்லை.

மெழுகில் பதித்த மூளைத் துண்டை இயந்திரத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், சீவல்கள் நாடா மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடித் தகட்டில் ஏந்த வேண்டும். அந்த நேரத்தில் தும்மினால் அரை நாள் வேலை பாழ். வீட்டில் வெங்காயம் நறுக்கும்போதும் இவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள் என்று கணவர் கேலி செய்வார்.

அங்கிருந்த பேராசிரியைக்கு ஒரே கேள்விதான். வாலில்லாக் குரங்குகளின் மூளைக்கும் நம் மூளைக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்? அதற்காக, மிருகக்காட்சிசாலையில் வயதாகி இறந்த ஒரு சிம்பன்சியின் மூளை வந்தது. கூடவே அந்தச் சிம்பன்சியைப் பராமரித்தவர் எழுதிய இரண்டு பக்கக் கடிதம். அதன் செல்லப் பெயர் குட்டிம்மா, மழை என்றால் ஆகாது, கோபம் வந்தால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும், இன்னும் என்னென்னவோ. மெல்லிசு அதை நாலைந்து தடவை படித்தாள். குட்டிம்மாவைச் சீவும்போதெல்லாம் அவளுக்கு அந்த முதுகு ஞாபகம் வரும்.

மனித மூளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தானம் கொடுத்தவர்களின் பெயரை வெளியே விடக்கூடாது என்பது விதி. குடுவையில் எண் மட்டும். நாற்பத்தொன்று என்று ஒருவரை எட்டு மாதமாகச் சீவிக்கொண்டிருந்தாள். அவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

ஒரு நாள் காலை ஓர் அம்மா வந்தார். எழுபது வயதிருக்கும். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ரசீதை எடுத்து நீட்டினார். அதில் நாற்பத்தொன்று என்றிருந்தது. அவர் கணவர் பேருந்து நடத்துநராம். உயிரோடு இருக்கும்போதே மூளையைத் தானம் செய்வதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இந்த அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. முழுசாக அனுப்பிவைக்கவில்லையே என்று ஒரு வருஷமாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பேராசிரியை ரசீதையும் அந்த அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெயரை மறைப்பது வெளியாருக்குத்தானே, மனைவிக்கு என்ன மறைவு என்று சொல்லி, மெல்லிசையே காட்டச் சொன்னார்.

மெல்லிசு முதலில் குட்டிம்மாவின் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். சாயம் ஏறி ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாகச் செல்கள். அப்புறம் நாற்பத்தொன்று.

"இந்த இடத்துல குரங்குக்குச் செல்லுங்க நெருக்கி நிக்குது பாருங்கம்மா. இவருக்குத் தள்ளித் தள்ளி நிக்குது."

"அப்போ நடுவுல காலியா?"

"காலி இல்லைங்கம்மா. அந்த இடம் பூரா ஒண்ணு கூட ஒண்ணு பேசிக்கிற இழைங்க. இந்தச் சாயத்துல அது தெரியாது. மனுஷங்களுக்கு அதுதான் ஜாஸ்தி. மொத்தமா பார்த்தாலும் நம்ம மூளை மூணு மடங்கு பெரிசு."

அந்த அம்மா கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மூணு மடங்கு வச்சிக்கிட்டா இந்த மனுஷன் தினமும் மூக்குக்கண்ணாடியத் தேடினாரு?"

மெல்லிசுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாவும் சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவரிடமிருந்து பேச்சு மடை திறந்த மாதிரி வந்தது. எந்தப் பயணி எங்கே இறங்குவார் என்று கணவருக்கு அத்துப்படியாம். தூங்கிப் போனவர்களைச் சரியான நிறுத்தத்தில் தோளைத் தட்டி எழுப்பிவிடுவாராம். சீட்டி அடிப்பாராம், சுருதி மட்டும் சேரவே சேராதாம். மெல்லிசு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டாள். எட்டு மாதமாகக் கையில் வைத்திருந்த ஒருவரை அன்றைக்குத்தான் யாரோ அறிமுகம் செய்துவைக்கிற மாதிரி இருந்தது.

கிளம்பும்போது அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பத்திரமான கையிலதான் இருக்காரு. எனக்கு இது போதும்மா."

நன்றி சொல்ல வேண்டியது தான்தான் என்று மெல்லிசுக்குத் தோன்றியது. வாசல்வரை கூடப் போய் வழியனுப்பினாள்.

மறுநாள் பேராசிரியையிடம் போய், குரங்குக்குக்கூடக் கடிதம் வருகிறது, மனுஷருக்கு வரக்கூடாதா என்று கேட்டாள். பெயர், ஊர் இல்லாமல், விருப்பப்பட்டால் இறந்தவரைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பும்படி தானம் கொடுத்த குடும்பங்களுக்கெல்லாம் கடிதம் போயிற்று. இதுவரை பதினொரு பேரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. முப்பத்தாறுக்குத் தையல் தெரியும். ஐம்பதுக்கு நாய் என்றால் பயம். இருபத்தெட்டைப் பற்றி அவர் மகன் எழுதியது ஒரே வரி: 'அப்பா ரொம்பக் குறட்டை விடுவார், இப்போ வீடு அமைதியா இருக்கு, பிடிக்கலை.'

மெல்லிசு அந்தந்தக் கடிதத்தை அந்தந்தக் குடுவைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். காலையில் இயந்திரத்தில் துண்டை மாட்டும் முன் ஒரு தடவை எடுத்துப் படிக்கிறாள். பிறகு "ரொம்ப நன்றிங்க" என்று முணுமுணுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுகிறாள்.