ஆற்றில் போன சட்டை

ஒரு அப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, “என் சட்டைய வாங்கிக் குடுங்க டீச்சர்” என்று கேட்டால் என்ன செய்வீர்கள்?

போன செவ்வாய்க்கிழமை காலை எனக்கு அதுதான் நடந்தது. வந்தவர் ஈஸ்வரன். என் ஐந்தாம் வகுப்பு காவ்யாவின் அப்பா. போடியிலிருந்து தினமும் விடியற்காலை ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்.

“வேலைக்குப் போடுற முழுக்கைச் சட்டையும் பேண்ட்டும் டீச்சர். ஞாயித்துக்கிழமை துவச்சுக் கொடியில போட்டேன். காங்கல. எம் மகதேன் ஒளிச்சு வச்சிருக்கா. ரெண்டு நாளா சோலிக்குப் போகல. கேட்டா, டீச்சர் சொன்னாகன்னு சொல்றா.”

நானா? நான் என்ன சொன்னேன்?

சொன்னேன்தான். அதற்கு முந்தைய வியாழக்கிழமை ‘வேளாண்மை முறைகள்’ பாடம். படிக்கட்டு விவசாயம், கலப்புப் பயிர், சொட்டு நீர், இயற்கை உரம், ரசாயனம்... நாற்பது பிள்ளைகள், ஒரே பீரியட், மேலே சுற்றாத ஃபேன். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழித்தேன். இந்தப் பக்கம் ‘நல்லது’, அந்தப் பக்கம் ‘கெட்டது’. ரசாயனத்தைக் கெட்டதில் தள்ளிவிட்டு, கை தட்டிச் சாக்பீஸ் தூளை உதறினேன். எழுத சுலபம், திருத்தவும் சுலபம். இருபத்தாறு வருடம் வாத்தியார் வேலை பார்த்தால் கை தானாகவே சுலபமான பக்கம் போய்விடுகிறது.

காவ்யாவைக் கூப்பிட்டேன். வந்தாள். அப்பாவைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்தாள்.

“சட்டைய எங்கம்மா வச்ச?”

ஜடையை முன்னால் இழுத்து நுனியை முறுக்கினாள்.

“வெரசா சொல்லு ஆத்தா... டீச்சருக்கு வகுப்பு இருக்குல்ல” என்றார் ஈஸ்வரன்.

“ஆத்துல போட்டுட்டேன்.”

கொட்டகுடி ஆற்றில்! மருந்து ஊறிய சட்டையை! ரசாயனம் நீர்நிலைகளைக் கெடுக்கும் என்று அதே பாடத்தில் நான்கு வரி கழித்து இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

ஈஸ்வரன் கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை. தூணில் சாய்ந்துகொண்டார்.

“சட்டை போனாப் போகுது டீச்சர். அஞ்சு நாளா எங்கூடச் சரியாப் பேச மாட்டேங்குறா. அதுக்குத்தேன் வந்தேன். மருந்தடிக்கணும்னு எனக்கென்ன ஆசையா? அந்த ஏலக்காட்டுல ஒரு வருசம் மருந்தே இல்லாமப் பாத்தாக. காய் பூராம் சொறி புடிச்சுப் போச்சு. வியாபாரி ஏறெடுத்துப் பாக்கல. மறு வருசம் மொதலாளி அடிக்கச் சொன்னாரு. அடிக்கிறேன். நான் செய்யுறது கெட்ட வேலையா டீச்சர்? அத மட்டும் சொல்லுங்க.”

‘இல்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் காவ்யா அழ ஆரம்பித்துவிட்டாள்.

“கெட்ட வேலைன்னு நான் சொல்லல டீச்சர். மருந்தடிச்சுட்டு வந்தா அப்பாவுக்குக் கண்ணு செவந்து போகுது. வாந்தி வருது. மருந்து அடிச்சதைச் சாப்புடுறவங்களுக்குக் கெடுதல்னு புக்குல இருக்கு. அடிக்கிறவங்களுக்கு என்ன ஆகும்னு புக்குலயும் இல்ல, நீங்களும் சொல்லல.”

ஈஸ்வரன் மகளைப் பார்த்தார். அவள் தன்னைக் கண்டு வெட்கப்படுகிறாள் என்றுதான் ஐந்து நாளாக நினைத்திருக்கிறார். நானும் அந்தச் சில நிமிடங்கள் அப்படித்தான் நினைத்தேன். பயந்திருக்கிறாள் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

“லூசுக் கழுத... அத வீட்டுலயே சொல்ல வேண்டியதுதான?” என்று அவள் தலையைத் தடவினார். அவள் விலகவில்லை.

மறுநாள் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்தேன். நடுக்கோட்டை அழித்தேன். யார் எப்படிப் பயிர் செய்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள், அதனால் யாருக்கு என்ன ஆகிறது என்று பிள்ளைகளிடமே கேட்டேன். வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது.

“டீச்சர், யானை வருதுன்னு எங்க சித்தப்பா வாழை போடுறதையே விட்டுட்டாரு. அது எந்த முறை?” - இது தேவாரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ஹெச்.எம்., “இந்தப் பாடம் போன வாரமே முடிஞ்சிருச்சுல்ல?” என்றார். முடிந்துவிட்டது சார், இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று சொல்ல நினைத்து, “இதோ சார்” என்றேன்.

ஈஸ்வரன் மறுபடி வேலைக்குப் போகிறார். வேறு என்ன செய்வார்? முகமூடி, கையுறை, ரெயின்கோட் போட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று மகளின் கண்டிஷன். சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதும் அவரை வெளிச்சத்தில் நிறுத்தி, கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறாளாம்.

சனிக்கிழமை கடைவீதியில் அவரைப் பார்த்தேன். ஒரு மாதிரி சிரித்தார்.

“முகமூடிய மட்டும் எப்பிடியோ போட்டுக்குறேன் டீச்சர். அந்தக் கோட்டப் போட்டா வேர்வையில மூச்சு முட்டுது. பாதியில கழட்டிர்றேன். அவகிட்டச் சொல்லிறாதீக.”

சொல்லவில்லை. சொல்லாதது சரியா? ஒரு கோடு கிழித்து எந்தப் பக்கம் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது. மலையில் விளைகிறதும் கீழே விற்கிறதும் அவர் கையில் இல்லை. என் கையில் இருப்பது ஒரு டஸ்டர்.

திங்கட்கிழமை அடுத்த பாடம் ஆரம்பிக்க வேண்டும். ‘சாலைப் பாதுகாப்பு’. வாகனங்களில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவது தவறு - முதல் வரியே இதுதான். வகுப்பில், தோட்ட வேலைக்கு ஆட்களை அடைத்து ஏற்றிப் போகும் போடிமெட்டு ஜீப் டிரைவர்களின் பிள்ளைகள் மட்டும் நான்கு பேர்.

சாக்பீஸை இன்னும் எடுக்கவில்லை.