கிரில்லில் நான் அடிக்கச் சொன்ன தகடு

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கணினியில் ஒரு துப்பாக்கி விளையாட்டை முடித்தேன். உறைந்துபோன ஒரு நகரத்துக்கு அடியில், பதுங்கு அறைகளில் நடக்கும் கதை. பத்தொன்பது மணி நேரம் முகமூடிக்குள் என் மூச்சையே கேட்டபடி நடந்திருந்தேன். சுட்டதைவிடப் பொறுக்கியதுதான் அதிகம். ஒவ்வோர் அறையிலும் தோட்டா, வடிகட்டி, பேட்டரி என்று எண்ணி எடுத்த பிறகே அடுத்த கதவுக்குப் போவேன். முடிவில் இருநூற்றுப் பதினான்கு தோட்டாக்கள் மிச்சம்.

கதை முழுக்க வானொலியில் வழிகாட்டிய அன்பான பெண்குரல்தான் வெளிக்கதவைப் பூட்டி வைத்திருந்தது என்று கடைசியில் தெரிந்தது. பூட்டைச் சுடலாம், அல்லது திறக்கச் சொல்லிக் கேட்கலாம். நான் இரண்டையும் செய்யாமல் நின்றேன். காற்று தீர்ந்து திரை கறுத்தது. அதுவும் ஒரு முடிவாம்.

குளித்துவிட்டுப் பட்டியலைச் சரிபார்த்தேன்: அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, குடை. ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாடகை அறை பார்த்திருந்தேன். ஐந்து மணிக்குள் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக வீட்டுக்கார ஆன்டி சொல்லியிருந்தார். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

வாசலில் கிரில் என்கிற கம்பிக் கதவின் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. எங்கள் வரிசையில் இரண்டு வீடுகளில் திருடன் புகுந்ததிலிருந்து, உள்ளே ஆள் இருந்தாலும் பூட்டிவிட்டுப் போவது அம்மாவின் பழக்கம். என்னிடமும் சாவி இருந்தது. ஆனால் கம்பி வழியாகக் கை நுழையாதபடி பூட்டைச் சுற்றி இரும்புத் தகடு அடித்திருந்தது. அளவெடுத்து, வரைந்து கொடுத்து, அடிக்கச் சொன்னது நான்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கோயில்ல இருக்கேன் லா. பசிக்குதா? மீ கோரேங் மேசை மேல இருக்கு பாரு."

"கிரில்லைத் தொறக்கணும்மா. பூட்டிட்டுப் போயிட்டீங்க."

"நீ காலையிலேருந்து டுமீல் டுமீல்னு சுட்டுக்கிட்டு இருந்த. நீ எங்க போகப்போறன்னு நெனச்சேன். எங்க போற?"

"பிரிக்ஃபீல்ட்ஸ். ரூம் எடுக்கறேன். அடுத்த மாசத்துலேருந்து அங்கதான் இருக்கப்போறேன்."

கோயில் மணிச் சத்தத்துக்கு நடுவே, "வரேன்" என்றார்.

இருபத்தைந்து நிமிடம் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அம்மா வந்து, என்னைப் பார்க்காமலே திறந்தார்.

"அந்த ரூமுக்கு எத்தனை சாவி?"

"தெரியலம்மா. ரெண்டு இருக்கும்."

"ஒண்ணு எனக்கு."

நான் ரயிலுக்கு ஓடினேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆன்டி ஒரே வளையத்தில் இரண்டு சாவிகளைக் கொடுத்தார். திரும்பி வரும் ரயிலில் அம்மாவுக்கு ஒன்றைக் கழற்ற அந்த வளையத்தை நகத்தால் நெம்பினேன், விட்டேன், மறுபடி நெம்பினேன். எங்கள் ஊரான கிள்ளானில் இறங்கும்போதும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.