ஒரு நிமிடச் சத்தம்

தனலெட்சுமிக்கு எங்கள் சங்கத்தைக் கண்டாலே ஆகாது. அதை அவர் ஒருநாளும் ஒளித்து வைத்ததில்லை. பழைய ஸ்கூட்டர்களைத் தேடிப் பிடித்து, துடைத்து, பளபளவென்று ஆக்கி ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாக ஓட்டிப் போகும் ஆட்கள் நாங்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் உள்ள கார் நிறுத்துமிடம்தான் எங்கள் தலைமையகம். நான் பரமேஸ்வரன், சங்கத்தின் தலைவர். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படாததால் பல வருடங்களாக நானே தலைவர். "வேலை வெட்டி இல்லாத ஆம்பளைங்க சங்கம்" என்று தனலெட்சுமி எங்களுக்குப் பெயர் வைத்திருந்தார். பதிவு செய்த பெயரைவிட அதுதான் பொருத்தம் என்று நாங்களே ஒப்புக்கொண்டோம்.

அவருடைய கணவர் வாசு எங்களில் ஒருவர். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். தனலெட்சுமி சுங்கை பூலோ பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் முடித்த கையோடு சுங்கை வே தொழிற்சாலைக்கு வந்தவர். அங்கே இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்தியே அவர் குரல் அப்படி ஆகிவிட்டது. காதோடு ரகசியம் சொன்னால்கூட எதிர் பிளாக்கில் கேட்கும். பிற்பாடு ஒரு தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் எடுத்து நடத்தினார். வரிசையில் இடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் அவர் "டேய்" என்றதும் அளவுகோல் வைத்தது போல நேராகி விடுவார்களாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஒரு எதிரிதான். வாசுவின் ஸ்கூட்டர். அதைச் "சக்களத்தி" என்பார்.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அவர்களுக்கு வீடு. வண்டி திருடு போய்விடும் என்று வாசு அதை ஹாலுக்குள் ஏற்றி நிறுத்துவார். அதற்கு இடம் விட்டுவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி சமையலறைக்கே போய்விட்டது. விருந்தாளிகள் வந்தால் வண்டியைச் சுற்றிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆனால் வீட்டுக்குள் இப்படித் திட்டித் தீர்ப்பவர் வெளியே போனால் கட்சி மாறிவிடுவார். ஒருமுறை குடியிருப்பாளர்கள் கூட்டத்தில் யாரோ வாசுவின் வண்டிச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்னபோது, தனலெட்சுமி எழுந்து நின்று, "உங்க வீட்டு காரோக்கேய கேட்டுக்கிட்டு நாங்க உயிரோட இல்லையா?" என்று ஒரே கேள்வியில் கூட்டத்தை முடித்து வைத்தார்.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற வண்டிகள் நின்ற இடத்தில் டுக் டுக் என்று சீராக ஓடும். வாசுவின் வண்டி அப்படி ஓடாது. நாலைந்து முறை டுக் டுக் என்னும், பிறகு மூச்சடைத்தது போல ஒரு கணம் நிற்கும், பிறகு தீபாவளிப் பட்டாசு மாதிரி "டப்" என்று வெடிக்கும். மறுபடி டுக் டுக். பல வருடங்களாக எந்த மெக்கானிக்காலும் அதைச் சரி செய்ய முடியவில்லை. சிக்னலில் நின்றால் பக்கத்துக் காரில் இருப்பவர்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். வாசு அவர்களுக்குச் சலாம் வைப்பார்.

போன வருடம் வாசு இறந்து போனார். காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு நல்ல நண்பர்.

ஒருவர் இறந்தால் வாட்ஸ்அப்பில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழும். மறுநாளே அதே குழுவில் யாராவது ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டு விடுவார்கள். இரங்கல் கூட்டம் என்றால் இன்னும் மோசம். மைக் கிடைத்தால் போதும் என்று காத்திருக்கும் நாலு பேர் இறந்தவரை விட்டுவிட்டுத் தங்களைப் பற்றியே பேசிவிட்டு இறங்குவார்கள். எனக்கு இரண்டையும் கண்டால் எரிச்சல் வரும். எங்கள் சங்கத்தில் அந்தத் தொல்லை கிடையாது. எங்கள் வழக்கம் வேறு.

முதன்முதலில் எங்களை விட்டுப் போனவர் சின்னையா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தலை குனிந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கத் தொடங்கினோம். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த அப்துல் கனியால் பாதியில் பொறுக்க முடியவில்லை. "அலாமாக், சின்னையா வாழ்நாள்ல ஒரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு நின்னுருக்கானா? அவனுக்குப் போயி மௌனமா?" என்று சொல்லிக்கொண்டே போய் சின்னையாவின் வண்டியை உதைத்துக் கிளப்பினார். ஒரு நிமிடம் அந்த வண்டி மட்டும் ஓடியது. நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம். அந்த ஒரு நிமிடத்தில் சின்னையா வந்து நின்றுவிட்டுப் போனது போலவே இருந்தது. அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு ஞாயிறு எங்களுக்கு "ஒரு நிமிடச் சத்தம்". இறந்தவர்களின் வண்டிகளை ஒவ்வொன்றாகக் கிளப்புவோம். வண்டி பேசும்போது மனிதர்கள் பேசக் கூடாது. அது ஒன்றுதான் விதி. முடிந்ததும் எல்லாருமாகக் காஜாங் போய் குச்சியில் சுட்ட கோழி சாத்தேயை வயிறு முட்டச் சாப்பிடுவோம். பிறகு அப்துல் கனியும் போய்ச் சேர்ந்தார். அவர் மகள் ஷஹானா ஒவ்வொரு வருடமும் தகப்பனாரின் வண்டியைக் கிள்ளானிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வருகிறாள்.

இந்த வருடம் வாசுவின் முறை. வண்டி மாதக்கணக்கில் ஹாலிலேயே கிடந்ததால் கிளம்பாது என்று தெரியும். நான் தனலெட்சுமிக்குப் போன் செய்து, எடுத்துப் போய்ச் சரி பண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். திட்டுவார் என்று தயாராகத்தான் இருந்தேன். அவர் திட்டவில்லை. "எந்த ஞாயித்துக்கிழமைன்னு மட்டும் சொல்லுங்க அண்ணே. நானும் வரேன்" என்றார்.

கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் லோகன் எங்கள் சங்கத்தின் கெட்டிக்காரர். வாசுவின் மேல் உயிரையே வைத்திருந்தவர். அண்ணனுக்குக் கடைசியாகச் செய்யும் மரியாதை என்று பழைய கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிப் பொருத்தினார். புகைக்குழாய், வயர், பிளக் எல்லாம் புதிது. வெள்ளிக்கிழமை எனக்குப் போன் செய்தார். "பாஸ், எந்த மெக்கானிக்காலயும் முடியாதத நான் முடிச்சிட்டேன் லா!" நானும் சந்தோஷப்பட்டேன். எனக்கும் உறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

சனிக்கிழமை மதியம் தனலெட்சுமியை என் காரில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வண்டி புது மாப்பிள்ளை போல் நின்றிருந்தது. லோகன் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினார். டுக் டுக் டுக் டுக் டுக். தையல் இயந்திரம் போல அவ்வளவு சீராக ஓடியது. லோகன் கையைக் கட்டிக்கொண்டு பாராட்டுக்காக நின்றார்.

தனலெட்சுமி சற்று நேரம் கேட்டார். பிறகு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"வண்டி இங்க இருக்கு. என் வீட்டுக்காரரு எங்க?"

லோகனுக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, அந்த வெடிச் சத்தம் வண்டிக்கு இருந்த கோளாறுக்கா. அத நான் சரி பண்ணிட்டேன்."

"யார கேட்டு சரி பண்ணுன?" அந்தக் குரலுக்குப் பக்கத்துக் கடை டயர்காரரே வெளியே வந்து பார்த்தார். "மூலையில திரும்பறப்ப அது டப்புன்னு வெடிக்கும். நான் அப்பதான் அடுப்புல தண்ணி வைப்பேன். அவரு வண்டிய ஏத்திட்டு உக்காரும்போது டீ கையில இருக்கும். இத்தன வருஷத்துல ஒரு நாள் அந்த டீ ஆறுனதில்ல, தம்பி. இப்ப சாயங்காலம் ஆனா எத்தனயோ மோட்டாரு அந்த மூலையில திரும்புது. ஒண்ணுகூட அவரு இல்ல. ஒரே ஒரு நிமிஷம் திரும்பக் கேக்கலாம்னுதான் நான் வரேன்னு சொன்னேன்."

லோகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு துள்ளி எழுந்து பழைய கார்புரேட்டரைத் தேட ஓடினார். காலையில்தான் பழைய இரும்பு வாங்கும் லோரி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் போல ஒரு கூத்தை எந்தப் பட்டறையும் பார்த்திருக்காது. ஓடும் வண்டியைக் கெடுக்க நாங்கள் படாத பாடு பட்டோம். லோகன் பிளக் வயரைத் தளர்த்திப் பார்த்தார். கரி பிடித்த பழைய பிளக் ஒன்றை மாட்டினார். காற்றைக் கூட்டினார், பெட்ரோலைக் குறைத்தார், கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு புதுப் புகைக்குழாயில் ஓட்டையே போட்டார். ஒவ்வொரு தடவையும் தனலெட்சுமி நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"இது சளி புடிச்ச ஆளு. அவரு இல்ல."

"இது கோவக்காரனாட்டம் இருக்கு. அவருக்கு எங்க கோவம் வந்துச்சு?"

"இது யாருன்னே தெரியல."

எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் இடையில் ஒருமுறை சிரித்துவிட்டார். ஆனால் வெயில் இறங்கியபோது வண்டி பழையபடி சீராகத்தான் ஓடியது. கெட்டிக்காரத்தனமாகச் சரி செய்த வண்டி, கெட மாட்டேன் என்று அடம் பிடித்தது. தனலெட்சுமி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்.

"விடு தம்பி. நீ என்ன பண்ணுவ, பாவம். ஆனா நாளைக்கு நான் வரல. வேற யாரோ ஓட்டுற சத்தத்த அவருன்னு நெனச்சி நிக்க என்னால ஆகாது."

வீட்டில் இறக்கி விட்டபோது, காலையில் வந்து அழைத்துப் போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிறு காலை எல்லாரும் பிரிக்பீல்ட்ஸில் கூடினோம். சின்னையாவின் வண்டி, அப்துல் கனியின் வண்டி, வாசுவின் வண்டி மூன்றும் நடுவில். நாங்கள் சுற்றி நின்றோம். லோகன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வண்டியின் இருக்கைக்குப் பக்கத்திலும் குடும்பத்தார் ஒருவர் நிற்பது வழக்கம். வாசுவின் வண்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. தலைவர் என்ற முறையில் நானே நிற்கலாம் என்று நகர்ந்தபோது, சாலைப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது.

"அண்ணே, தள்ளுங்க!"

கொம்யூட்டர் ரயிலில் வந்து இறங்கி வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்திருந்தார். நேராகப் போய் வண்டியின் இருக்கையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன்.

"இவ மட்டும் தனியா நிப்பாளேன்னு வந்தேன். என்ன இருந்தாலும் இவளும் இப்ப என்ன மாதிரிதானே" என்றார்.

நான் நகர்ந்து இடம் விட்டு, ஆரம்பிக்கலாம் என்று கையைக் காட்டினேன்.

சின்னையாவின் வண்டி வழக்கம்போல வளவளவென்று பேசி முடித்தது. அப்துல் கனியின் வண்டி கனமாக, நிதானமாக ஓடியது. ஷஹானா வாப்பாவின் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தபடி நின்றாள். அடுத்து லோகன் வாசுவின் வண்டியை உதைத்தார். உடனே கிளம்பியது. டுக் டுக் டுக் டுக் டுக். ஒரு பிசிறு இல்லை. என் வாழ்நாளில் ஒரு இயந்திரம் இவ்வளவு நன்றாக ஓடுகிறதே என்று நான் வருத்தப்பட்டது அன்று மட்டும்தான்.

தனலெட்சுமி கண்ணை மூடியிருந்தார். உதடு அசைவது தெரிந்தது. டுக் டுக் டுக் டுக், பிறகு வாய்க்குள்ளேயே, "டப்."

மறுபடி எண்ணிக்கொண்டது போலத் தலை ஆடியது. இந்தத் தடவை அவருடைய சொந்தக் குரலில், எதிர் பிளாக்குக்குக் கேட்கிற குரலில், "டப்!"

வண்டி பேசும்போது மனிதர்கள் பேசக் கூடாது என்பது விதி. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். ஆனால் அடுத்த வெடி விழ வேண்டிய இடம் வந்துகொண்டிருந்தது. வாசுவுக்குப் பின்னால் எத்தனை ஞாயிறுகள் ஓட்டியிருக்கிறேன், எனக்கா அந்த இடம் தெரியாது? என் வாய் என்னைக் கேட்கவில்லை. "டப்!" என்று நானும் கத்தினேன். ஷஹானாவும் சேர்ந்துகொண்டாள். அடுத்த முறை ஒட்டுமொத்தச் சங்கமும் கத்தியது. ஒருவர்கூட முந்தவில்லை, பிந்தவில்லை. சாப்பாட்டுக் கடையில் தோசை தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நரைத்த தலைகளெல்லாம் ஒரு ஸ்கூட்டரைச் சுற்றி நின்றுகொண்டு "டப், டப்" என்று கத்துவதைப் பார்த்தால் யார்தான் வர மாட்டார்கள்? லோகன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார், கன்னமெல்லாம் கண்ணீராக. தனலெட்சுமி சிரித்துக்கொண்டே கத்தினார். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு, கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார். சத்தத்தை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

நிமிடம் முடிந்தது. லோகன் மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தக் கையை நீட்டினார். தனலெட்சுமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு தம்பி. இப்பதான் மூலையில திரும்பியிருக்காரு. வீடு வந்து சேரட்டும்."

லோகன் கையை எடுத்துக்கொண்டார். நாங்கள் தொடர்ந்து கத்தினோம்.