காற்றில்லாமல் விழுந்த மரம்

என் கணவர் மலேசியாவுக்குப் பரோட்டா மாஸ்டராகப் போய்ப் பதினோரு வருடம் கழித்துத்தான் எங்களை அங்கே அழைத்தார். மே மாத லீவில் நானும் மகளும் கடலூரிலிருந்து கிளம்பினோம். சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் என் தம்பியும் கூட வந்தான். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவர் முதன்முதலாக விமானம் ஏறியபோது அவளுக்கு இரண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர் ஊரில் இருக்கும் ஒரு மாதத்தை விட்டால், அத்தா என்பது அவளுக்கு வீடியோ காலில் தெரிகிற முகம்தான்.

முதல் மூன்று நாளும் கடைத்தெருக்கள், உயரமான கட்டடங்கள், அவர் வேலை பார்க்கும் ஓட்டல் என்று போனது. நாலாம் நாள் காலையில், "இன்னைக்குக் காட்டுக்குப் போறோம். குதிரையில" என்றார். ஓட்டலுக்கு வழக்கமாகச் சாப்பிட வருகிறவர் ஒருவர் சொன்ன இடமாம்.

"நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எங்க போனேன். ரூமு, ஓட்டலு, வெள்ளிக்கிழம பள்ளிவாசல். எனக்குத் தெரிஞ்ச மலேசியா அவ்ளோதான்."

குறையாகச் சொல்லவில்லை. யாரோ விலாசம் கேட்டதற்குப் பதில் சொன்னதுபோல் இருந்தது.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். எங்களை அழைத்துப் போகவிருந்தவள் மலாய்ப் பெண், முப்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். புர்காவோடு சேணத்தில் உட்கார முடியாது என்று சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு தொளதொள கால்சட்டையும் நீளச் சட்டையும் எடுத்துக் கொடுத்தாள். மகள் ஸ்கூட்டியில் ஏறுவதுபோல் ஏறிவிட்டாள். என் கணவரைத்தான் இரண்டு ஆட்கள் சேர்ந்து தூக்கி உட்கார வைக்கவேண்டி இருந்தது. உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், அது பரோட்டா மாவு இல்ல. அப்படிப் பெசையாதீங்க" என்றான் தம்பி.

"நீ கம்முனு வா மச்சான்."

கொஞ்ச தூரம் ரப்பர் தோட்டம். பிறகு ஓர் ஓடையைத் தாண்டியதும் காடு. காலை பத்து மணி வெயில் ஓடைக்கு அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. உள்ளே, சாயங்காலம் லைட் போடுவதற்கு முன் வீட்டுக்குள் இருக்குமே, அந்த வெளிச்சம். மரங்களின் வேர்கள் மதில்போல எழுந்து, குதிரைமேல் இருந்த என் தோளுக்கும் மேலே போயின. உச்சியைப் பார்க்க அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்தது. ஒரு மரத்தின் உச்சியும் தெரியவில்லை.

திடீரென்று தகரக் கொட்டகைமேல் மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. எங்கள்மேல் ஒரு துளி இல்லை. தம்பி உள்ளங்கையை நீட்டிப் பார்த்தான். அந்தப் பெண் ஏதோ சொல்ல, என் கணவர் எங்களுக்குச் சொன்னார்: "மேல இலையில நின்னு நின்னு எறங்கி வருதாம். கொஞ்ச நேரம் ஆவுமாம்." சில நிமிடம் கழித்துத்தான் முதல் துளி என் மணிக்கட்டில் விழுந்தது. மேலே சத்தம் நின்ற பிறகும் வெகுநேரம் கீழே பெய்துகொண்டிருந்தது.

அதுவும் நின்று, ஓர் இலைகூட அசையாமல் இருந்தபோது, முன்னால் போன அந்தப் பெண்ணின் குதிரை நின்றது. மற்றக் குதிரைகளும் நின்றன. எல்லாக் காதுகளும் ஒரே பக்கம் திரும்பின. மகளின் குதிரை இரண்டடி பின்னால் வந்து என் முழங்காலில் இடித்தது. அந்தப் பெண் கையை உயர்த்தி மெதுவாக ஏதோ சொன்னாள்.

"அசையாதீங்க. யாரும் எறங்கக்கூடாதுன்றா" என்றார் என் கணவர்.

பட்டாசுச் சரம் வெடிப்பதுபோல எங்கோ ஏதோ படபடவென்று அறுந்தது. தானே புயலுக்கு மறுநாள் பண்ருட்டி ரோட்டில் பலாவும் முந்திரியும் வரிசையாகப் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவள் நான். விழுந்த மரம் எனக்குப் புதிதில்லை. ஒரு மரம் விழுவதை மட்டும் அதுவரை பார்த்ததில்லை. எங்களுக்கு எதிரே, பாதைக்கு வலது பக்கம், காட்டில் ஒரு பகுதியே மெல்லச் சாய்ந்தது. கொடிகள் மற்ற மரங்களைப் பிடித்து இழுத்து அறுந்தன. அது தரையில் பட்டபோது அந்த அதிர்வு குதிரையின் வயிறு வழியாக ஏறி என் தொடைக்கு வந்தது.

அதன் பிறகு வெயில் விழுந்தது. அத்தனை நாளும் அந்த மரம் தாங்கிக்கொண்டிருந்த வெயில் முழுவதும் ஒரே நேரத்தில் எங்கள் முன்னால் இறங்கியது. கண் கூசியது. அந்த வெளிச்சத்தில் கிழிந்த இலைகள் சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டே இருந்தன. ஒரு பறவைச் சத்தம் இல்லை.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் என் கணவர், தனக்குத்தானே.

அந்தப் பெண் முதலில் தனியாகப் போய், மேலே ஏதாவது தொங்குகிறதா என்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு எங்களைக் கூப்பிட்டாள். தம்பி உதவ வருவதற்குள் என் கணவர் தானாகவே குதிரையிலிருந்து சறுக்கி இறங்கிவிட்டார். படுத்துக் கிடந்த மரம் அவர் தலைக்கு மேல் உயரம் இருந்தது. பச்சைக் கட்டையைப் பிளந்த வாசனை. கிளைகளில் கூடை கூடையாகச் செடிகள், நான் பார்த்தே இராத வெள்ளைப் பூக்கள், சாரை சாரையாக எறும்புகள். வானத்தில் குடியிருந்த ஓர் ஊர் அப்படியே தரைக்கு வந்திருந்தது.

"அம்மா, இங்க தண்ணி நிக்குது. தவள இருக்கு" என்றாள் மகள். ஒரு செடியின் நடுவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு. அந்தப் பெண் அதைக் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் பக்கத்து மரத்தில் விட்டாள். குதிரைக்கு எப்படித் தெரிந்தது என்று அவளிடம் கேட்கும்படி என் கணவரிடம் சொன்னேன்.

"வேரு அறுபடறது அதுங்களுக்குக் காலுலயே தெரியுமாம். நாம அங்க போயிருந்தா..." என்று ஆரம்பித்தவர், மகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பிறகு மரத்தின் பட்டைமேல் உள்ளங்கையை வைத்தார். பதினோரு வருடம் சூடான கல்லில் பழகிய, தழும்பேறிய கை. வெகுநேரம் எடுக்கவில்லை. கண்ணில் நீர் நின்றது. மகள் மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் போய் அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள்.

"எவ்ளோ வயசு இருக்கும் அத்தா?"

"தெரியலம்மா. கேட்டேன். அவளுக்கும் தெரியாதாம்."

பாதை அடைத்துப் போனதால் வந்த வழியே திரும்பினோம். லாயத்தில் டீ கொடுத்தார்கள். "போனு பையிலதான் இருந்துச்சுக்கா. எடுக்கணும்னே தோணல" என்றான் தம்பி. யாருமே ஒரு போட்டோ எடுத்திருக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் சிதம்பரத்தில் என் அம்மா வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். மகள் எழுந்து நின்று, கையை மேலே தூக்கி, மெதுவாகச் சாய்த்துக் காட்டினாள். என் பெரியம்மா மகள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அது சரி, குதிர கடிக்காதா?" என்றாள்.

"கடிக்காது. நல்ல குதிர" என்றேன்.