டகோட்டாவுக்குக் கீழே இருந்தவர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்துக் கடையில் நடிகர் படம் போட்ட காபி மக்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இதில் பழைய விமானங்களைப் போட்டால் என்ன என்று சட்டென்று தோன்றியது. கொடைக்கானல் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் திண்டுக்கல் திரும்பிவிட்டேன். நான் அப்படித்தான்.

இன்ஜினியரிங் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். மக்கில் படம் அச்சடிக்கும் மெஷின் ஒன்றை வாங்கி வீட்டு மாடியில் வைத்தேன். இரட்டை இறக்கை விமானம், தண்ணீரில் இறங்கும் விமானம் என்று கறுப்பு வெள்ளைப் படங்களாகத் தேடித் தேடி அச்சடித்தேன். எனக்கு விமானம்தான் பளிச்சென்று தெரிய வேண்டும். முன்னால் நிற்கிற ஆட்களைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவேன். அந்த வேலை சுத்தமாக வருவதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன வருஷம் சின்னாளப்பட்டியிலிருந்து ஓர் அக்கா வந்தார். மகளுக்குக் காதுகுத்து. வருகிறவர்களுக்குக் கொடுக்க நாற்பது மக் வேண்டும் என்று ஒரு போட்டோவை நீட்டினார். விமானப்படையின் பழைய டகோட்டா விமானம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்னால் இரண்டு அதிகாரிகள் விறைப்பாக நின்றார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில், இறக்கை நிழலில், கையில் துணியோடு ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் செய்துகொண்டு போட்டோவைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் அக்கா பஸ்ஸிலிருந்து போன் செய்தார். இரைச்சலுக்கு நடுவே, "தம்பி, சக்கரத்துக்கிட்ட உக்காந்திருக்காருல்ல, இருட்டா இருக்காரு. அவர நல்லா எடுத்துருங்க" என்றார்.

எடுத்துவிட்டேன். அவர் மறைத்திருந்த டயரின் பாதியைக்கூட வரைந்து சேர்த்தேன். அதிகாரிகளில் ஒருவர் அக்காவின் சொந்தக்காரராக இருக்கும் என்று அவர்களை மட்டும் தொடவில்லை.

விசேஷத்துக்கு முதல்நாள் மத்தியானம் அக்கா வந்து ஒரு மக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கப்பா எங்க தம்பி?"

"நீங்கதானக்கா எடுக்கச் சொன்னீங்க?"

"எடுப்பா தெரியுற மாதிரி எடுங்கன்னேன். ஆளையே எடுத்துட்டீகளே!"

அவருடைய அப்பா விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவராம். சொந்தக்காரர்கள் யாரும் நம்பவில்லை. 'புளுகு ஏரோப்ளேன்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த இந்த ஒரு போட்டோதான் சாட்சி.

"இத நாளைக்குக் குடுத்தா, அவரு சொன்னது அம்புட்டும் பொய்னு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை.

ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் 'இருட்டா இருக்காரு' என்று யாராவது அழிப்பதற்காகச் சொல்வார்களா? அந்த ஆள் போனால் நல்லது என்று எனக்கு முன்பே இருந்தது. அதுதான் காதில் விழுந்திருக்கிறது.

திருத்திய படத்தை அசல் ஸ்கேன் மேலேயே சேமித்துவிட்டதால் அசல் அழிந்துபோயிருந்தது. நல்லவேளையாக அக்காவின் பையில் போட்டோ இருந்தது. மறுபடி ஸ்கேன் செய்து வெளிச்சத்தைக் கூட்டினேன். நிழலுக்குள்ளிருந்து மீசை அரும்பிய முகம் ஒன்று வெளியே வந்தது. கையில் அச்சடிக்காத வெள்ளை மக் இருபத்தாறுதான் மிச்சம்.

"போதும் தம்பி. கிண்டல் பண்றவங்க அம்புட்டுப் பேரு இல்ல" என்று அக்காவே சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையில் நானே மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். அக்காவின் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மருமகன் முறைக்காரர் ஒருவர் மக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மாமா, நெசமாவே இது நீங்கதானா?"

"இல்லப்பு. நெழலுக்கு ஒதுங்குன உங்கப்பன்" என்றார் பெரியவர்.

பந்தி வரை சிரிப்பு கேட்டது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் மக்கில் இருந்த தூசியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் கம்ப்யூட்டரில் இன்னும் பதினேழு விமானங்கள் ஆளில்லாமல் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அசல் படத்தைத் தேடி எடுத்து, அழித்தவர்களைத் திரும்பக் கொண்டுவரப் போகிறேன். முதலில் ஒரு சரக்கு விமானம்; அதில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேரின் பெயர் எங்காவது கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். கிடைக்காமலும் போகலாம். ஆனால் அழிக்கிற பட்டனுக்கு விரல் போகும்போதெல்லாம், இவர் யாருடைய அப்பாவோ என்று இப்போது கை நின்றுவிடுகிறது.