மகளின் ஊரில் இருபது டிகிரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். சாதாரண மடையன் இல்லை. கைபேசித் திரையில் தெரிந்த மைனஸ் குறியை அழுக்கு என்று நினைத்துக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்த மடையன்.

மகள் நர்ஸ். அமெரிக்காவில் வடக்கே ஏதோ ஒரு ஊரில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்து, குளிர்காலத் தொடக்கத்தில் கிளம்பினாள். மும்பை செம்பூர் வீட்டில் பெட்டி கட்டும்போது, அவள் அம்மா வாங்கி வந்திருந்த தடித்த ரஜாய்ப் போர்வை பாதிப் பெட்டியை அடைத்துக்கொண்டது. அந்த ஊர்ச் செய்தித்தாளின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மூலையில் இருபது டிகிரி என்று போட்டிருந்தது.

“வெறும் இருபது! எங்க ஆபீஸ் ஏசியே இதவிட ஜில்லுனு ஓடும்” என்று தீர்ப்புச் சொல்லி, ரஜாயை உருவிப் பரணில் போட்டேன். அந்த இடத்தில் முறுக்கையும் மசாலாப் பொடியையும் திணித்தேன். நானும் மனைவியும் தாராவியில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்களுக்குக் குளிர் என்பது, ஜனவரியில் நாலு நாள் ஃபேனை ஒன்றில் வைப்பது.

அவள் போனபின் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டது. எனக்குச் சாயங்காலம், அவளுக்குக் காலை. டூட்டிக்குக் கிளம்புமுன் பேசுவாள்.

“இன்னிக்கு எவ்வளவும்மா?”

“இருபதுப்பா.”

மறுநாள் வாஷி ஆபீஸில் ஏசி ரிமோட்டை எடுத்து இருபதில் வைப்பேன். பதினெட்டு என்றால் பதினெட்டு. பக்கத்து மேசை மராத்தி அம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, “என்ன சாப், ஆபீஸைக் காஷ்மீர் ஆக்கிட்டீங்க?” என்று இந்தியில் கேட்பார். “மகள் ஊரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்” என்பேன். அன்றைக்கு அதையே மகளிடமும் ஒப்பிப்பேன். சிரிப்பாள். ஒருநாள் பன்னிரண்டு என்றாள். ரிமோட் பதினாறுக்குக் கீழே இறங்க மறுத்தது. ஏசி செய்தவனைத் திட்டிக்கொண்டே பதினாறில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒருநாள், “இன்னிக்கு முப்பத்தி நாலுப்பா, பரவாயில்ல” என்றாள். வீடியோவில் குரங்குக் குல்லா. பேசும்போது வாயிலிருந்து புகை.

“முப்பத்தி நாலுல வாயில எப்படிட்டி புகை வருது? இங்க முப்பத்தி நாலுன்னா பனியன் ஒட்டுது!”

குல்லாவை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நெட்வொர்க் சரியில்லப்பா” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் வாஷியிலிருந்து திரும்பும் ரயிலில், அமெரிக்காவின் இருபது நமக்கு எவ்வளவு என்று கைபேசியில் தேடினேன். ஏழுக்குப் பக்கத்தில் ஏதோ வந்தது, முன்னால் ஒரு கோடு. துடைத்தேன். போகவில்லை. மறுபடி துடைத்தேன். மான்குர்த் ஸ்டேஷன் வந்தபோதுதான் உறைத்தது. காய்ச்சலுக்கு நூறு, வெயிலுக்கு நாற்பது என்று பாரன்ஹீட்டையும் செல்சியஸையும் ஒரே வாயால் ஆயுசு முழுக்கப் பேசியிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு அளவு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. உறைபனிக்கும் கீழே இருக்கிற ஊருக்கு, ரஜாயைப் பிடுங்கிக்கொண்டு முறுக்கோடு பிள்ளையை அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசரைத் திறந்து கையை உள்ளே விட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்ன செய்யுதிய? மீனுக்குக் கை கொடுக்குதியளா?”

“மைனஸ் ஏழு எப்படி இருக்கும்னு பாக்குதேன்.”

ஃப்ரீசர் அதைவிடக் குளிர் என்று பின்னால்தான் தெரிந்தது. அதிலும் கணக்குத் தப்பு. ஆனால் விஷயத்தைச் சொன்னபோது அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “பரண்ல கெடக்க ரஜாய எறக்குங்க” என்று மட்டும் சொன்னாள். இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

“ஏட்டி, மைனஸ் ஏழாமே! என்னத்தப் போட்டுக்கிட்டு வெளிய போற?”

“ஐயோ அப்பா! கோட்டு இருக்கு, பூட்ஸ் இருக்கு. கூட வேலை பாக்குற மலையாளி அக்கா, நான் வந்த மறுநாளே கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பாருங்க!” கேமராவைத் திருப்பிக் காட்டினாள். கரடி மாதிரி ஒரு கோட்டு.

“அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல? ஊரே சிரிக்க ஏசிக்குக் கீழ உக்காந்திருந்தேனே!”

“சொல்லத்தான் நெனச்சேன். நீங்க என் ஊருல உக்காந்து வேலை பாக்குதேன்னீங்க.” குரல் கொஞ்சம் இறங்கியது. “பஸ்ஸுக்கு நிக்கும்போது அத நெனச்சுக்குவேன். எப்படிப்பா சொல்ல?”

ரஜாயின் நூல் பிரிகிறதா என்று பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். மனைவி போனை வாங்கி, சாப்பாட்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

இப்போது கணக்கு எனக்கு அத்துப்படி. முப்பத்திரண்டைக் கழி, ஐந்தால் பெருக்கு, ஒன்பதால் வகு. செம்பூரில் ரயில் ஏறினால் கடல்பாலம் வருவதற்குள் விடை வந்துவிடும். நேற்றும் அவள் ஊரைப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன். ஐந்து காட்டியது. நம் அளவில் மைனஸ் பதினைந்து.

“இன்னிக்கு எவ்வளவும்மா? ரொம்பக் குளிருதா?”

“இருபதுதாம்பா, ஏசியப் போடுங்க.”