கால் விலைக்கு ஒரு ஸ்டேப்ளர் கன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை. கோவையில் ஒரு கண் ஆஸ்பத்திரி. வராந்தாவில் நீளமான மர பெஞ்ச். அதன் ஓரத்தில் நான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஓ.பி. சீட்டு. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்ய அழைத்து வந்திருக்கிறார்.

"ஏனுங்க... தப்பா நெனைக்காதீங்க. பத்திரிகையில வாராவாரம் எழுதறவரு நீங்கதானுங்களே? போட்டோ பாத்திருக்கறனுங்க."

ஆமாம் என்றேன். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நானு அந்தியூருங்க. கட்டிலு, சேரெல்லாம் செஞ்சு விக்கறனுங்க. போன மாசம் பின் அடிக்கற மிசினைப் பத்தி எழுதியிருந்தீங்களே... வெட்டி எடுத்து வெச்சிருக்கறனுங்க. அது எந்தக் கடையிலீங்க கெடைக்கும்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்களே யோசியுங்கள். நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்ததே அந்த மெஷினால்தான். எட்டடி தள்ளி, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், என் மச்சானுக்கு — என் மனைவியின் அண்ணனுக்கு — வலது கண் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என்ன செய்தேன் தெரியுமா? அவர் நீட்டிய சீட்டை வாங்கினேன். பின்பக்கம் கடையின் பெயரையும் தெருவையும் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடச் சொன்னார். அதையும் போட்டேன். சிரித்துக்கொண்டே!

எழுதும்போதே கை கூசுகிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

பழைய பத்தியைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எங்கள் வீடு சிங்காநல்லூர்ப் பக்கம். குளத்துக் கொசு மொத்தமும் சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்குத்தான் விருந்துக்கு வரும். பதினோரு ஜன்னல். எல்லாவற்றுக்கும் நைலான் வலை அடிக்க வேண்டும். 'ஞாயித்துக்கெழமை வாரேனுங்க' என்று சொன்ன ஆசாரி நான்கு ஞாயிறாக வரவில்லை. நாமே அடித்தால் என்ன?

சுத்தியலால் அடித்துப் பார்த்தேன். கட்டை விரல் நகம்தான் கறுத்தது. அப்போதுதான் சோபாவுக்கு ரெக்ஸின் போடுகிறவர்கள் வைத்திருக்கும் ஸ்டேப்ளர் கன் ஞாபகத்துக்கு வந்தது. ஆபீஸில் காகிதம் கோக்கும் ஸ்டேப்ளருக்கு அது பெரியண்ணன். பிஸ்டல் மாதிரி பிடி, ட்ரிகர், உள்ளே வரிசையாகப் பின்கள். பின்னால் ஹோஸ் மாட்டி கம்ப்ரசர் காற்றைக் கொடுத்தால் போதும். ட்ரிகரைத் தொட்டவுடன் பின் மரத்துக்குள் இறங்கிவிடும்.

கம்ப்ரசருக்கு எங்கே போவது? மச்சான் இருக்கும்போது என்ன கவலை! செல்வராஜ் மச்சான் போத்தனூரில் இருக்கிறார். பஸ் டிரைவர். காந்திபுரத்திலிருந்து மேட்டுப்பாளையம் போகும் ஒரு தனியார் பஸ். இருபத்திரண்டு வருஷமாக அதே ரூட். தெரிந்த பஞ்சர் கடையில் சொல்லி, பழைய கம்ப்ரசர் ஒன்றை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

கன் வாங்க டவுன்ஹால் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மேஜை மேல் மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவது வெளிநாட்டுச் சரக்கு. விலையைக் கேட்டதும் மெதுவாகக் கீழே வைத்துவிட்டேன். இரண்டாவது பம்பாயிலிருந்து வருவது. நல்ல கனம். அதில் போடும் பின்கள் தீர்ந்தால் மறுபடியும் பம்பாயிலிருந்துதான் வர வேண்டும். மூன்றாவது நம்ம ஊர்ச் சரக்கு! பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஏதோ ஒரு பட்டறையில், முதலாவதைப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி செய்தது. கைக்கு அடக்கம். பின் எந்தக் கடையிலும் கிடைக்கும். விலை? முதலாவதில் கால்வாசி.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளிநாட்டுக்காரன் வருஷக்கணக்கில் யோசித்துச் செய்ததை நம்ம ஆள் பத்து நாளில் கடைந்து வைத்துவிட்டான் பார்... கோயமுத்தூர்க்காரனுக்கு இதைவிட இனிப்பான சமாசாரம் உண்டா? மோட்டார், பம்பு, கிரைண்டர் எல்லாம் இப்படித்தானே செய்தோம்!

கடைக்காரர் நேர்மையான மனிதர். இதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

"ஒண்ணு சொல்லிப்போடறனுங்க," என்றார். "இந்த மொதல் கன்னுல மூக்கு இருக்குது பாருங்க, அதை மரத்துல வெச்சு அழுத்துனாத்தானுங்க பின்னு வரும். அழுத்தாம ட்ரிகரை எத்தனை வாட்டி இழுத்தாலும் வராதுங்க. நம்மூருக் கன்னுல அது இல்லீங்க."

"ஏனுங்க இல்லை?"

"அதுக்கொரு ஸ்பிரிங்கு, ஒரு கம்பி, அதெல்லாம் வெச்சா வெலை ஏறிப்போகுதுங்க. வேலையும் மெதுவாகுதுன்னு ஆளுங்க சொல்றாங்களாமா. அதான் உட்டுப்போட்டாங்க. இது வெறும் காத்துலயும் அடிக்குமுங்க. பாத்துப் பொளங்கோணும்."

நான் சிரித்தேன். "வெறும் காத்துல நான் எதுக்குங்க அடிக்கப் போறேன்? ஜன்னல்லதானுங்களே அடிக்கப் போறேன்!"

அவரும் மரியாதைக்குச் சிரித்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு முன்பக்கத்து ஆறு ஜன்னல்களை முடித்தேன். டப் டப் டப்... என்ன சுகம்! அந்தக் குஷியோடுதான் பத்தி எழுதினேன். எடை பாருங்கள், எவ்வளவு காற்று கேட்கிறது என்று பாருங்கள், பின் சுலபமாகக் கிடைக்கிறதா பாருங்கள், விலை பாருங்கள் — வாத்தியார் மாதிரி நான்கு பாடம் நடத்தினேன். மூக்கைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. மறந்துபோய்விட்டேனா? இல்லை சார். எழுதினால் நான் வாங்கியது மட்டம் என்று தெரிந்துபோகுமே! பதினேழு கடிதங்கள் வந்தன. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: கடை எங்கே?

அடுத்த ஞாயிறு மச்சானுக்கு லீவு. நான் வேலை செய்கிற அழகைப் பார்க்க வந்துவிட்டார். என் பத்தி வந்த இதழை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார்.

"பஸ்ஸுல கண்டக்டர், செக்கரு எல்லார்த்துக்கும் காட்டிப்போட்டனுங்க மாப்ளை. என்ற தங்கச்சி ஊட்டுக்காரரு எழுதுனதுன்னு."

இப்போது எங்கள் பக்கத்துப் பழக்கம் இரண்டைச் சொல்ல வேண்டும். கத்தி, அரிவாள், கத்தரிக்கோல் இவற்றைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கீழே வைப்போம். வேண்டியவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வருமாம். அந்தக் காலையில் கூட வலை வெட்டிய கத்தரிக்கோலை நான் நீட்டியபோது என் மனைவி சரசு, "அட, கையில குடுக்காதீங்க, கீழ வையுங்க," என்று அதட்டினாள். கிண்டல் செய்துகொண்டே கீழே வைத்தேன்.

இன்னொரு பழக்கம், பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுப்பது. ஒற்றைக் கையால் நீட்டினால் மரியாதைக் குறைச்சல்.

சரசு காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் ஸ்டூல் மேல் நின்று எட்டாவது ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தேன். கீழே நின்றிருந்த மச்சானுக்கு ஆசை வந்துவிட்டது.

"மாப்ளை, நானும் ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டுங்களா?"

"அதுக்கென்னங்க மச்சான். இந்தாங்க."

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை புதிதாக வாங்கிய சாமான், அழுக்குக் கையோடு தொடக் கூடாதாம்! நான் குனிந்தேன். கன் என்ன கத்தியா, அரிவாளா, கீழே வைக்க? மெஷின்தானே. என்னைவிட ஒன்பது வயது பெரியவர் ஆயிற்றே. வலது கை பிடியில், விரல் ட்ரிகரில். இடது கையால் அடியில் தாங்கிப் பிடித்து, இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினேன். கன்னின் வாய் அவர் முகத்தைப் பார்த்தபடி.

ஹோஸ் ஸ்டூல் காலில் மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அது வெடுக்கென்று இழுத்தது. கன் கையை விட்டு நழுவப் பார்த்தது. விழுந்துவிடப் போகிறதே என்று இறுக்கிப் பிடித்தேன்.

டப்.

வெறும் காற்றில்தான் அடித்தேன். நடுவில் மச்சானின் கண் இருந்தது.

அவர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். என் கையிலிருந்த கன் கீழே விழுந்தது. விரல்களுக்கு நடுவே ரத்தம் வர ஆரம்பித்தது. அப்போது அவர் சொன்ன வார்த்தையை என்னால் சாகும்வரை மறக்க முடியாது.

"ஒண்ணுமில்லீங்க மாப்ளை... நீங்க மொதல்ல பாத்து எறங்குங்க. உளுந்துபோடப் போறீங்க."

சரசு ஓடி வந்தாள். பக்கத்து வீட்டு வேனில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு, எப்படி ஆயிற்று என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்த மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"நானேதானுங்க டாக்டர். அந்த மிசினை எடுத்துப் பாத்துட்டிருந்தேன். கை தவறிப்போச்சுங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் அழுத்தியதால் மூடினேனா? இல்லை. மூடுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்ததால் மூடினேன்.

பிறகு வார்டில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது சொன்னார். "போலீசு கேசு அது இதுன்னு ஆச்சுன்னா, பத்திரிகையில எழுதறவரு, உங்க பேரு கெட்டுப்போகுமுங்க. அப்பறம் சரசு மொகத்தை நான் எப்பிடிப் பாக்கறது? இதோட உடுங்க மாப்ளை. யார்த்துகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

சாயங்காலம் மச்சானின் மனைவி ருக்மணி அக்கா வந்தார். வந்தவர் முதலில் அழவில்லை. மச்சானைத் திட்டினார்.

"சும்மா இருக்க மாட்டாம அந்த மிசினை எதுக்குத் தொட்டீங்க? ஸ்டியரிங் புடிக்கற கை கண்டதையெல்லாம் தொடலாமுங்களா? ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதுன்னு நெனப்பில்லீங்களா?"

"புத்தி கெட்டுப்போச்சு அம்மணி," என்றார் மச்சான்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். சரசு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதே ஏதோ தெரிந்திருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் மீதி மூன்று ஜன்னல்களைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மூன்று வாரங்கள். ருக்மணி அக்காவிடம் உண்மையைச் சொல்ல மூன்று தடவை போத்தனூர் போனேன். ஒவ்வொரு தடவையும் காப்பி கொடுத்து, "இவரு பண்ணுன கூத்துக்கு நீங்க அலையறீங்க தம்பி," என்று கண் கலங்குவார். அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். பஸ் முதலாளி பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தாராம். "வெளையாட்டுத்தனமா இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களே செல்வராசு," என்று வருத்தப்பட்டாராம். விளையாட்டுத்தனமாம்! இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சைக்கிளைக் கூட உரசாத மனிதர்.

மறுபடியும் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கதவு திறந்தது. மச்சான் வெளியே வந்தார். கட்டு இல்லை, கறுப்புக் கண்ணாடி. சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார். பின்னால் வந்த டாக்டர் என்னைத் தனியே அழைத்து, வலது கண்ணில் பார்வை இனி வராது, கனரக வண்டி ஓட்டுவதை மறந்துவிடுங்கள் என்றார்.

திரும்பி வந்தேன். அந்தியூர்க்காரர் எழுந்து மச்சானுக்கு இடம் விட்டிருந்தார்.

"உக்காருங்க... கண்ணுல என்னங்க ஆச்சு?"

"தெரியாம பட்டுப்போச்சுங்க," என்றார் மச்சான்.

"அடடா... பாத்து இருந்திருக்கோணுமுங்க," என்றார் அவர். அவர் சட்டைப்பையில் நான் முகவரி எழுதிக் கொடுத்த சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. அப்போதாவது நான் சொன்னேனா? "போலாமுங்களா மச்சான்?" என்று கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டேன். வாசலில் ஆட்டோ ஏறும்போது, ரோட்டில் வந்த ஒரு பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டு அவர் தலையைத் திருப்பினார். வலது பக்கம் வந்த பஸ். முழுத் தலையையும் திருப்பித்தான் அதைப் பார்க்க முடிந்தது. அங்கேதான் நான் உடைந்துபோனேன்.

அந்தியூர் அன்பரே, உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். வாங்குவதாக இருந்தால் மூக்கை அழுத்தினால் மட்டும் அடிக்கிற கன்னை வாங்குங்கள். காசு போதாதென்றால் சுத்தியலே போதும், நகம்தான் கறுக்கும். கடிதம் போட்ட பதினேழு பேருக்கும் இதுதான் பதில். ஏற்கெனவே வாங்கியவர்கள், கை மாற்றுவதற்கு முன்னால் ஹோஸைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் கையில் கொடுக்காதீர்கள். கீழே வையுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

மச்சான், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றீர்கள். நீங்கள் சொல்லி நான் மீறுகிற முதல் பேச்சு இது. மன்னித்துவிடுங்கள்.

ருக்மணி அக்கா, இந்தப் பக்கத்தை நீங்கள் வாராவாரம் படிக்கிறவர். உங்கள் எதிரில் நின்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் வீட்டுக்காரர் அந்த மெஷினைத் தொடவே இல்லை.